ஜப்பானிலும் கொரியாவிலும் குடும்பப்பெயர்ச் சர்ச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் இரண்டு ஜப்பானியர்கள் சட்டப்படி மணம் செய்துகொண்டால், ஒருவர் தன் குடும்பப்பெயரை விட்டாக வேண்டும். பக்கத்தில் தென்கொரியாவில் மனைவியின் பெயர் மாறுவதே இல்லை. அங்கே பிள்ளைக்கு யார் பெயர் என்பதில்தான் சண்டை. இரண்டும் தீராத விவகாரங்கள். சட்டம் என்ன சொல்கிறது, படிவத்தில் அது எப்படி வருகிறது, எங்கே சிக்குகிறது என்பதை இங்கே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

ஜப்பானியச் சட்டம் சரியாக என்ன சொல்கிறது?

சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான். திருமணத்தின்போது செய்த முடிவின்படி, தம்பதியர் கணவனின் குடும்பப்பெயரையோ மனைவியின் குடும்பப்பெயரையோ ஏற்க வேண்டும். யாருடைய பெயர் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் பதிவாகும் திருமணங்களில் 94, 95 சதவீதத்தில் பெயரை விடுவது பெண்தான். "சட்டம் ஆண், பெண் பார்க்கவில்லை" என்ற வாதம் தாளில் மட்டுமே நிற்கிறது.

திருமணத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை வைக்கும் வேறு நாடு தங்களுக்குத் தெரிந்தவரை இல்லை என்று ஜப்பானிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பதிவு எப்படி நடக்கிறது?

நகராட்சி அலுவலகத்தில் 'கொனின் தொதோகே' என்ற திருமணப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். 18 வயது நிறைந்த இருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். "திருமணத்துக்குப் பின் தம்பதியரின் குடும்பப்பெயர்" என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: கணவனுடையது, மனைவியுடையது. ஒன்றில் குறியிட்டே ஆக வேண்டும். விட்டுவிட்டால் படிவத்தை ஏற்க மாட்டார்கள், அதாவது திருமணமே பதிவாகாது.

ஏற்றபின் இருவருக்கும் 'கொசெகி' எனப்படும் புதிய குடும்பப் பதிவேடு திறக்கப்படும். யாருடைய பெயரைத் தேர்ந்தார்களோ அவர்தான் அதில் 'ஹித்தோஷா', முதலில் எழுதப்படுபவர். மற்றவருக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குடியிருப்புச் சான்று, மை நம்பர் கார்டு (தேசிய அடையாள எண் அட்டை), ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு, காப்பீடு, கைபேசி, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றிலும் பெயரை மாற்ற வேண்டும். மை நம்பர் கார்டும் உரிமமும் முதலில் மாறிவிட்டால் மற்ற இடங்களில் அடையாளச் சான்றாக அவற்றையே காட்டலாம். தேனிலவுப் பயணத்தில் பலர் அகப்படுவது வேறொன்றில்: டிக்கெட்டைப் புதுப் பெயரில் எடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் பழைய பெயரிலேயே வைத்திருப்பார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் விமானம் ஏற முடியாது.

வேலையிடத்தில் பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பெரும்பாலான இடங்களில் முடியும். தம்பதியர் தனித்தனிப் பெயரோடு இருக்கச் சட்டம் இடம்தரக் கூடாது என்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் தீர்வும் இதுதான். 2019 நவம்பர் முதல் குடியிருப்புச் சான்றிலும் மை நம்பர் கார்டிலும் பழைய குடும்பப்பெயரைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். நிலப் பதிவிலும் 2024 ஏப்ரல் முதல் இதற்கு வழி உண்டு.

சிக்கல் நாட்டுக்கு வெளியே போகும்போது தெரிகிறது. பாஸ்போர்ட்டில் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். ஆனால் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளிலும், உள்ளே இருக்கும் சிப்பிலும் அது இராது. விசாவும் விமான டிக்கெட்டும் சட்டப் பெயரில்தான் கிடைக்கும். இருபது ஆண்டுகள் ஒரு பெயரில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர், மாநாட்டு அழைப்பிதழில் அந்தப் பெயரையும் நுழைவாயிலில் வேறு பெயரையும் காட்டி, இருவரும் ஒருவரே என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காரணத்தால்தான் பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென் 2024 ஜூனில் சட்டத்தை மாற்றும்படி வெளிப்படையாகக் கேட்டது. பெண் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஓட்டல் பதிவிலும் அலுவலக நுழைவுச் சோதனையிலும் நேரும் தடைகளை அது எடுத்துக்காட்டியது. பெண்ணுரிமை இயக்கங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததை முதலாளிகள் சங்கமும் சொன்ன பிறகு, "இது ஒருசிலரின் விருப்பம்" என்று ஒதுக்குவது கடினமாகிவிட்டது.

ஒரே குடும்பப்பெயர் என்பது ஜப்பானின் பழைய மரபுதானே?

இல்லை. இந்த விவாதத்தில் அதிகம் சொல்லப்படும் தவறு இதுதான்.

எல்லாக் குடிமக்களும் குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்ற ஆணை வந்ததே 1875இல்தான். அடுத்த ஆண்டு, 1876இல், மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று மெய்ஜி அரசு அறிவித்தது. ஆக, முதலில் வந்த தேசிய விதி தனித்தனிப் பெயர்! 1898இன் சிவில் சட்டம்தான் 'இயே' என்ற குடும்ப அமைப்பைக் கொண்டுவந்து, மனைவி கணவன் வீட்டில் சேர்கிறாள், அந்த வீட்டின் பெயரை ஏற்கிறாள் என்று எழுதியது. போருக்குப் பின் 1947இல் 'இயே' அமைப்பை ஒழித்தார்கள். குடும்பத் தலைவரின் அதிகாரம் போனது. பெயர் விதி மட்டும் "கணவன் அல்லது மனைவி" என்ற புதுச் சொற்களோடு தங்கிவிட்டது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, 750ஆம் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணல்ல என்று 10க்கு 5 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அமர்வில் இருந்த பெண் நீதிபதிகள் மூவர். மூவருமே அது முரண் என்றார்கள். இந்தச் சட்டத்தோடு வாழ வேண்டியவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அந்தக் கணக்கே காட்டுகிறது. 2021 ஜூன் 23 அன்று மறுபடியும் அதே முடிவு, இம்முறை 11க்கு 4. இரண்டு தடவையும் பெரும்பான்மையினர் ஒன்றையே சேர்த்துச் சொன்னார்கள்: எந்த ஏற்பாடு நல்லது என்பதை நாடாளுமன்றம் விவாதித்து முடிவு செய்யட்டும்.

2015இல் அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விவாகரத்தான பெண் ஆறு மாதம் மறுமணம் செய்யக் கூடாது என்ற விதியில் 100 நாளுக்கு மேற்பட்ட பகுதி சாசனத்துக்கு முரண் என்று அதே அமர்வு அறிவித்தது. நாடாளுமன்றம் அடுத்த ஆண்டே திருத்தியது. 2024 ஏப்ரலில் தடையே முழுதாக நீங்கியது. நீதிமன்றம் உறுதியாகச் சொன்னபோது சட்டம் நகர்ந்தது. "நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்" என்றபோது அப்படியே நின்றது.

நாடாளுமன்றம் ஏன் நகரவில்லை?

நீதி அமைச்சரின் சட்ட ஆலோசனைக் குழு 1996 பிப்ரவரியிலேயே தெளிவான திட்டம் கொடுத்துவிட்டது. விரும்புவோர் ஒரே பெயர் வைக்கலாம். விரும்பாதவர் தத்தம் பெயரோடு இருக்கலாம். பிள்ளைகளுக்கு யார் பெயர் என்பதைத் திருமணத்தின்போதே முடிவு செய்ய வேண்டும், உடன்பிறந்தோர் எல்லோருக்கும் அதே பெயர். ஏற்கெனவே மணமானவர்களும் சட்டம் வந்த ஓராண்டுக்குள் இருவரும் ஒப்பினால் பழைய பெயருக்குத் திரும்பலாம். ஆளும் லிபரல் டெமாக்ரடிக் கட்சிக்குள் இருந்த பழமைவாதிகள் அதை மசோதாவாக வரவிடவில்லை. 2010இல் டெமாக்ரடிக் கட்சி ஆட்சியில் இருந்தபோதும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி நின்றுபோனது.

2024 அக்டோபர் தேர்தலில் ஆளும் கூட்டணி கீழவையில் பெரும்பான்மையை இழந்ததும் கதவு கொஞ்சம் திறந்தது. 2025 கூட்டத்தொடரில் எதிர்க்கட்சிகளின் மூன்று மசோதாக்கள் விவாதத்துக்கு வந்தன. இப்படி விவாதம் நடந்தது 28 ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. ஆனால் மூன்றும் ஒரே மாதிரியல்ல. அரசியல் சாசன ஜனநாயகக் கட்சியின் மசோதா 1996 திட்டத்தை ஒட்டியது. மக்கள் ஜனநாயகக் கட்சியின் மசோதாவில், திருமணத்தின்போது யார் ஹித்தோஷா என்று முடிவு செய்ய வேண்டும், பிள்ளை அவர் பெயரை எடுக்கும். இஷின் கட்சி ஒரே பெயர் விதியைத் தொடவே இல்லை. பழைய பெயரைக் கொசெகியில் பதிந்து அதற்குச் சட்ட மதிப்புத் தரலாம் என்றது. மூன்றில் எதுவும் பெரும்பான்மை பெறாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் வாக்கெடுப்பில்லாமல் தள்ளிவைத்தார்கள். எதிர்க்கட்சிகள் ஒரே மசோதாவில் ஒன்றுபட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அவை அதைச் செய்யத் தவறியது வருந்தத்தக்கது.

2025 அக்டோபரில் தகாயிச்சி சனாயே நாட்டின் முதல் பெண் பிரதமரானார். தனித்தனிப் பெயரை அவர் நெடுங்காலமாக எதிர்ப்பவர். பழைய பெயர்ப் பயன்பாட்டை விரிவாக்கினால் போதும் என்பது அவர் நிலை. தனித்தனிப் பெயரை ஆதரித்துவந்த கொமேய்த்தோ கட்சி கூட்டணியை விட்டுப் போனது. அந்த இடத்துக்கு வந்த இஷினோடு செய்த ஒப்பந்தத்தில் பழைய பெயர்ப் பயன்பாட்டுச் சட்டம் இடம்பெற்றது.

எதிர்ப்பவர்களின் வாதங்கள் என்ன? மக்கள் கருத்து எந்தப் பக்கம்?

குடும்பத்தின் ஒற்றுமை குலையும், பெற்றோர் பெயரும் பிள்ளை பெயரும் வேறானால் பிள்ளை தவிக்கும், கொசெகி அமைப்பு சிதையும் என்பவை முதன்மையானவை. பிள்ளை குறித்த கவலையைப் புறந்தள்ள முடியாது. உடன்பிறந்தோருக்கு ஒரே பெயர் என்று 1996 திட்டம் வலியுறுத்தியதே அதற்காகத்தான். மற்ற இரண்டுக்கும் பதில் எளிது: ஒரே பெயர் வேண்டுவோருக்கு எதுவும் மாறாது, மாறுவது அடுத்த வீட்டுத் தம்பதியின் பெயர் மட்டும்.

கருத்துக் கணிப்புகளைப் படிக்கும்போது கேள்வியையும் படியுங்கள். அமைச்சரவை அலுவலகம் 2017இல் நடத்திய கணிப்பில் சட்டத்தை மாற்றலாம் என்றவர்கள் 42.5 சதவீதம். 2021இல் கேள்வியும் விடைகளின் அமைப்பும் மாற்றப்பட்டன. மாற்றலாம் என்றவர்கள் 28.9 சதவீதமாக இறங்கினார்கள். ஒரே பெயர் விதியை வைத்துக்கொண்டு பழைய பெயர்ப் பயன்பாட்டுக்குச் சட்டம் செய்யலாம் என்ற நடு விடைக்கு 42.2 சதவீதம் போனது. இரு தரப்பும் தனக்குப் பிடித்த ஆண்டை மேற்கோள் காட்டுவதன் காரணம் இதுதான்.

பதிவு செய்யாமலே சேர்ந்து வாழ்ந்தால்?

பெயரை விட மனமில்லாத பலர் இப்படித்தான் வாழ்கிறார்கள். இதை 'ஜிஜித்சுகொன்' என்பார்கள். குடியிருப்புச் சான்றில் உறவை "பதியாத மனைவி" அல்லது "பதியாத கணவன்" என்று எழுதச் சொன்னால், நிறுவன மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் துணையாக ஏற்பார்கள். கிடைக்காதவை கனமானவை. வருமான வரியில் துணைவருக்கான கழிவு இல்லை. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சொத்துரிமை இல்லை. உயில் எழுதினாலும் துணைவருக்கான வாரிசுரிமை வரிச் சலுகை கிடையாது, வரியோடு 20 சதவீதம் கூடுதலாகவும் கட்ட வேண்டும். பிள்ளை தாயின் கொசெகியில் சேரும்; தந்தை தனியாக 'நின்ச்சி' என்ற ஏற்புப் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே இதைத் தேர்பவர்கள் குறைந்தபட்சம் உயில், ஏற்புப் பதிவு இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது. ஏற்புப் பதிவைப் பிள்ளை பிறக்கும் முன்பே, தாயின் சம்மதத்தோடு செய்யலாம்.

விவாகரத்தானாலோ துணை இறந்தாலோ பெயர் என்னாகும்?

விவாகரத்தானால் பெயரை மாற்றியவர் தானாகவே பழைய பெயருக்குத் திரும்புவார். மணவாழ்வின் பெயரையே தொடர விரும்பினால் மூன்று மாதத்துக்குள் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். தவறினால் குடும்ப நீதிமன்றம்தான் வழி. பிள்ளையின் பெயர் தாயோடு தானாக மாறாது, அதற்கும் குடும்ப நீதிமன்ற அனுமதி வேண்டும். துணை இறந்தால் பழைய பெயருக்குத் திரும்பும் படிவத்துக்குக் காலவரம்பு இல்லை.

வெளிநாட்டவர், உதாரணமாக ஒரு தமிழர், ஜப்பானியரை மணந்தால்?

இந்த விதி பொருந்தாது. வெளிநாட்டவருக்குக் கொசெகி கிடையாது. ஜப்பானியத் துணைவரின் கொசெகியில் திருமணக் குறிப்பாக மட்டும் அவர் பெயர் எழுதப்படும். இருவரும் தத்தம் பெயரோடு இருக்கலாம். ஜப்பானியர் தன் துணைவரின் குடும்பப்பெயரை எடுக்க விரும்பினால், திருமணமான ஆறு மாதத்துக்குள் நகராட்சியில் படிவம் கொடுத்தால் போதும். ஆறு மாதம் தாண்டினால் குடும்ப நீதிமன்ற அனுமதி தேவை.

தமிழர் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாகவோ தந்தை பெயராகவோ இருக்கும். படிவம் எழுதும் முன்பே பாஸ்போர்ட் நகலோடு கொசெகி பிரிவில் கேட்டுவிடுங்கள். அங்கே எழுதப்படும் பெயர்தான் பிற்பாடு பல சான்றுகளுக்கு அடிப்படையாகும்.

ஜப்பானியர் வெளிநாட்டவரை மணந்தால் தனித்தனிப் பெயர் குடும்பத்தைக் குலைக்கவில்லை, இரண்டு ஜப்பானியர்கள் மணந்தால் மட்டும் குலைக்கும் என்பதற்கு எதிர்ப்பாளர்கள் இன்றுவரை திருப்தியான விடை தரவில்லை.

கொரியாவில் மனைவி பெயரை மாற்றுவதில்லை. அங்கே பெண்ணுக்கு அதிக உரிமை இருந்ததா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. கொரியாவில் குடும்பப்பெயர் தந்தைவழிக் குலத்தின் அடையாளம். பெயரோடு 'பொன்' என்ற குலத்தின் பூர்வீக ஊரும் சேரும்: கிம்ஹே ஊர்க் கிம், கியோங்ஜு ஊர்க் கிம் வெவ்வேறு குலங்கள். மருமகள் வேறு குலத்தில் பிறந்தவள் என்பதால் அவள் பெயர் மாறவில்லை. கணவன் வீட்டில் அவளுக்கு இடம் கொடுத்ததால் அல்ல.

ஜப்பானிய ஆட்சியில் இதுவும் உடைக்கப்பட்டது. 1940 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத்துக்குள் ஜப்பானிய பாணி வீட்டுப்பெயரைப் பதியும்படி கொரியக் குடும்பங்கள் நெருக்கப்பட்டன. சுமார் 80 சதவீதம் பதிந்தன. பதியாத வீடுகளில் குடும்பத் தலைவரின் பெயரே வீட்டுப்பெயரானது, மனைவியும் சட்டப்படி அதற்குள் வந்தாள். 1946 அக்டோபரில் தெற்கில் பழைய பெயர்களை மீட்கும் ஆணை வந்தது. ஆனால் காலனிக் காலத்தில் உருவான ஆண் குடும்பத் தலைவர் முறை 'ஹோஜு' என்ற பெயரில் விடுதலைக்குப் பிந்தைய சிவில் சட்டத்திலும் நீடித்தது. அதன்படி கணவன் இறந்தால் தலைமை மனைவிக்கு வராது. கைக்குழந்தையானாலும் மகனுக்குப் போகும்.

ஹோஜு எப்படி ஒழிந்தது?

பெண்கள் இயக்கங்கள் பல பத்தாண்டுகள் போராடின. 2005 பிப்ரவரி 3 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் ஹோஜு சாசனத்துக்கு ஒவ்வாது என்றது. மார்ச் 2 அன்றே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2008 ஜனவரி 1 முதல் வீட்டுக்கு ஒரு பதிவேடு என்பது போய், ஒவ்வொருவருக்கும் தனிக் குடும்ப உறவுப் பதிவு வந்தது. கொசெகியைத் தொட்டால் நாடே சிதறும் என்று ஜப்பானில் அஞ்சுவோர், அதே வேரிலிருந்து வந்த பதிவேட்டைக் கைவிட்ட பக்கத்து நாட்டைப் பார்க்க வேண்டும்.

கொரியாவில் பிள்ளைக்குத் தாயின் பெயர் வைக்கலாமா?

முடியும், ஆனால் கேள்வி கேட்கப்படும் நேரம் தவறு. கொரியச் சிவில் சட்டத்தின் 781ஆம் பிரிவின்படி பிள்ளை தந்தையின் பெயரையும் பொன்னையும் எடுக்கும். விதிவிலக்கு வேண்டுமானால் திருமணப் பதிவின்போதே ஒப்ப வேண்டும். படிவத்தில் "பிள்ளைக்குத் தாயின் பெயர் வைக்க ஒப்பினீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. "ஆம்" என்று குறித்து, இருவரும் ஒப்பிய தனித் தாளை இணைக்க வேண்டும். பிள்ளையைப் பற்றி யோசித்தே இராத நாளில் "இல்லை" என்று குறித்தவர்கள், பிறப்புப் பதிவின்போது மனம் மாறினால் அங்கே மாற்ற முடியாது. குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்ப் பிள்ளையின் நலனுக்காக என்று விண்ணப்பிக்க வேண்டும். 2021இல் சியோல் குடும்ப நீதிமன்றம், சேர்ந்தே வாழும் ஒரு தம்பதியின் அத்தகைய விண்ணப்பத்தை ஏற்றது.

நீதி அமைச்சகம் அமைத்த குழு 2020இல் தந்தைப் பெயர் முன்னுரிமையை நீக்கப் பரிந்துரைத்தது. 2021இல் அரசின் குடும்பக் கொள்கைத் திட்டத்திலும் இது இடம்பெற்றது. சட்டமாகவில்லை.

ஒரே குலத்தில் மணம் செய்ய முடியாது என்கிறார்களே?

அது பழைய கதை. கிம்ஹே கிம் குலத்தில் மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல். அவர்களில் முன்பின் அறியாத இருவர் காதலித்தாலும் அன்று திருமணப் பதிவு கிடைக்கவில்லை. 1978, 1988, 1996 ஆண்டுகளில் தற்காலிக விலக்குச் சட்டம் போட்டு அவர்களைப் பதிய வைத்தார்கள். 1997 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் தடையை ஒவ்வாது என்று அறிவித்தது. இப்போது எட்டாம் நிலை உறவுக்குள், அதாவது தாத்தாவின் தாத்தா ஒருவரானால், மணம் கூடாது. 2022இல் இதை 5க்கு 4 என்று நீதிமன்றம் ஏற்றது. 2024இல் தடையை நான்காம் நிலையாகக் குறைப்பது பற்றி நீதி அமைச்சகம் ஆய்வு செய்யச் சொன்ன செய்தி வந்ததும் கன்பூசிய அமைப்புகள் கொதித்தன.

ஒரு நாடு நகர்ந்ததும் இன்னொன்று நின்றதும் ஏன்?

நீதிமன்ற அமைப்பில்தான் பெரிய வேறுபாடு. கொரியாவில் 1988 முதல் தனி அரசியல் சாசன நீதிமன்றம் இயங்குகிறது. ஒரு சட்டம் ஒவ்வாது என்றால் பெரும்பாலும் கெடு நாளும் குறிக்கும். ஒரே குல மணத் தடைக்கு 1998 டிசம்பர் 31 என்று கெடு கொடுத்தது. நாடாளுமன்றம் அசையவில்லை, மறுநாள் தடை செத்துப்போனது. ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 1947 முதல் 2024 ஜூலை வரை சட்ட விதிகளை முரண் என்று அறிவித்தது 13 தடவை மட்டுமே.

கெடு எல்லாவற்றையும் தீர்க்காது. கருக்கலைப்புத் தண்டனைச் சட்டத்தை 2019 ஏப்ரலில் ஒவ்வாது என்று சொல்லி 2020 இறுதிவரை கெடு கொடுத்தார்கள். மாற்றுச் சட்டம் வராமலே கெடு முடிந்தது. தண்டனை போனது, எந்த வாரம் வரை, எந்த மருத்துவமனையில், காப்பீடு உண்டா என்பதற்கு விதி வராததால் பெண்கள்தான் அலைகிறார்கள்.

ஜப்பானில் 2021 தீர்ப்புக்குப் பிறகு புதிய வழக்கு வந்ததா?

2024 மார்ச்சில் 12 பேர் தோக்கியோ, சப்போரோ மாவட்ட நீதிமன்றங்களில் மூன்றாவது கூட்டு வழக்கைத் தொடுத்தார்கள். பதிவு செய்யாமல் வாழ்பவர்களும், பெயரை மாற்றிப் பதிந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா. பெண்கள் பாகுபாட்டு ஒழிப்புக் குழு இந்த விதியை மாற்றும்படி ஜப்பானுக்கு நான்காவது தடவையாகப் பரிந்துரைத்தது.